அட்மிஷன் ஒரு முடிவு, பணம் இன்னொரு முடிவு: அமெரிக்க மேற்படிப்புக்குக் காத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

டிசம்பரில் விண்ணப்பம் போட்டுவிட்டு ஜனவரியிலிருந்து மெயிலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி., எம்.எஸ். படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. எந்தக் கேள்விக்குப் போனாலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். உங்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு முடிவு. உங்களுக்குப் பணம் கொடுப்பது வேறொரு முடிவு. இரண்டையும் எடுப்பவர்கள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். காத்திருக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

ரிசல்ட் எப்போதுதான் வரும்?

பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் பாதிக்குள். கடைசித் தேதி டிசம்பர் 1, டிசம்பர் 15 என்று இருந்தாலும், மறுநாளே யாரும் உங்கள் விண்ணப்பத்தைத் திறப்பதில்லை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வளாகங்கள் மூடிக்கிடக்கும். நாம் பொங்கல் வைக்கும் வாரத்தில்தான் அங்கே சேர்க்கைக் குழு உட்காரத் தொடங்கும்.

துறைக்குத் துறை வேகம் மாறும். உயிரியல் துறைகள் முதலில் ஓடும்; ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணலை முடித்து உடனே முடிவு சொல்லிவிடுவார்கள். வேதியியலும் ஓரளவு சீக்கிரம். பொறியியலில் ஒரே துறைக்குள்ளேயே ஒருவருக்கு ஜனவரியிலும் இன்னொருவருக்கு ஏப்ரலிலும் வரும். காரணம் கீழே சொல்கிறேன். வரலாறு, மானுடவியல், இலக்கியம் போன்ற துறைகளில் இடங்களே சொற்பம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் ஒரே வீச்சில் முடிந்துவிடும். எம்.எஸ். முடிவுகள் மார்ச், ஏப்ரல், சில இடங்களில் மே வரைகூட இழுக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 5 மணி என்றால் ஜனவரியில் நமக்கு விடிகாலை 3.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளிய பிறகு 2.30. அலாரம் வைத்து எழுந்து பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். தேவையில்லை. காலை ஏழு மணிக்கு ஒருமுறை பார்த்தால், முந்தைய பகலில் அங்கே நடந்ததெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். சனிக்கிழமை காலையில் பார்த்துவிட்டால் செவ்வாய் காலை வரை விண்ணப்பம் போட்ட இணையப் பக்கமான போர்ட்டலைத் திறக்க வேலையே இல்லை.

போர்ட்டலில் 'பரிசீலனையில்' என்றே ஒரு மாதமாக நிற்கிறது. ஏதாவது கோளாறா?

இல்லை. போர்ட்டலை நடத்துவது பல்கலைக்கழகத்தின் மைய அலுவலகம்; முடிவெடுப்பது துறை. துறை முடிவெடுத்த பிறகும் மைய அலுவலகம் சான்றிதழ்களைச் சரிபார்த்து, கடிதம் தயாரித்து, பிறகுதான் அந்த வரியை மாற்றும். ஆகையால் அந்த வரி எப்போதுமே நடப்புக்குப் பின்னால்தான் ஓடும். பார்க்க வேண்டியது வேறொன்று: விண்ணப்பத்தில் கேட்ட எல்லாம் வந்து சேர்ந்ததாகக் காட்டுகிறதா? சிபாரிசுக் கடிதம் ஒன்று குறைகிறது என்றால் அன்றைக்கே அந்தப் பேராசிரியரைப் பிடியுங்கள்.

இன்னொன்று. கல்லூரி கொடுத்த மெயில் முகவரியில் விண்ணப்பித்திருந்தால், படிப்பு முடிந்ததும் அது முடக்கப்படுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்சி மூலம் போட்டவர்கள், எல்லாப் போர்ட்டல்களின் பாஸ்வேர்டும் தங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாணவருக்கென்று ஒரு மெயில் முகவரியை அவர்களே தொடங்கி, அதை அவர்களே வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கடிதம் வந்ததே தெரியாமல் பதில் சொல்லும் தேதி தாண்டிப்போனவர்கள் உண்டு.

என்னோடு படித்தவனுக்கு அதே துறையில் அட்மிட் வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் ரிஜெக்ட்தானே?

அவசியமில்லை. ஆனால் 'கவலைப்படாதே, வரும்' என்றும் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு துறை பிஎச்.டி. மாணவரைச் சேர்ப்பது என்றால், நான்கைந்து ஆண்டுகளுக்கு அவருடைய டியூஷன் கட்டணத்தையும் மாதச் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்வது என்று பொருள். அந்தப் பணம் மூன்று வழிகளில் வரும். ஒன்று, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் டி.ஏ. வேலை, இது டீன் அலுவலகம் ஒதுக்கும் எண்ணிக்கை. இரண்டு, ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வரும் ஆர்.ஏ. வேலை. மூன்று, பல்கலைக்கழகமோ வெளி அமைப்போ தரும் ஃபெல்லோஷிப். டி.ஏ. இடங்கள் எத்தனை என்பது துறைக்கு ஜனவரியிலேயே ஓரளவு தெரியும். ஆர்.ஏ. அப்படியில்லை. பேராசிரியர் போட்டிருக்கும் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வருமா என்பது மார்ச்சில்கூடத் தெளிவாகாமல் இருக்கலாம். 'இந்தப் பையன் வேண்டும், ஆனால் காசு வரட்டும்' என்று அவர் ஓரமாக எடுத்துவைத்த விண்ணப்பத்துக்கு அட்மிட்டும் வராது, ரிஜெக்ட்டும் வராது. பொறியியலில் முடிவுகள் சிதறி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். உங்கள் நண்பர் டி.ஏ. கணக்கில் போயிருப்பார், நீங்கள் ஆர்.ஏ. கணக்கில் நிற்கலாம்.

அடுத்தது, எல்லாரும் வரமாட்டார்கள் என்பது துறைக்குத் தெரியும். பத்து இடத்துக்கு இருபது பேருக்குக் கடிதம் அனுப்பும் துறைகள் உண்டு. ஒருமுறை அளவுக்கு மீறி ஆட்கள் வந்து கையைச் சுட்டுக்கொண்ட துறை, அடுத்த ஆண்டு முதல் சுற்றில் கொஞ்சமாக அனுப்பிவிட்டு மறுப்பு வர வர அடுத்தவர்களுக்கு அனுப்பும். அதனால் பிப்ரவரி முதல் வாரத்தில் வராதவர்களுக்கு மார்ச்சில் வருவது சாதாரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிஜெக்ட் கடிதங்களைக் கடைசியில் மொத்தமாக அனுப்புவது பல இடங்களில் வழக்கம். மார்ச் மூன்றாவது வாரம் வந்து, அந்தத் துறையில் பலருக்கும் அட்மிட் போய், நேர்காணலும் நடந்து, உங்களுக்கு ஒரு சத்தமும் இல்லையென்றால், வெயிட்லிஸ்ட்டாக இருக்கலாம். ரிஜெக்ட்டாக இருப்பதற்கு வாய்ப்பு அதைவிட அதிகம். அந்த இடத்தை மனதுக்குள் கழித்துவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். வந்தால் லாபம்.

அமெரிக்க மாணவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பதாகச் சொல்கிறார்களே?

மதிப்பெண் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பண விஷயத்தில் உண்மை இருக்கிறது. என்.எஸ்.எஃப். என்னும் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1952 முதல் கொடுத்துவரும் பட்டதாரி ஆய்வு ஃபெல்லோஷிப்பில் ஆண்டுக்கு 37,000 டாலர் உதவித்தொகையும், பல்கலைக்கழகத்துக்கு 16,000 டாலரும் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்கள் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ, உயிரியல் துறைகளில் என்.ஐ.எச். என்னும் தேசிய சுகாதார நிறுவனங்கள் கொடுக்கும் பயிற்சி நிதிக்கும் அதே விதி. ஆக, ஒரு உயிரியல் துறையின் இருபது இடங்களில் கணிசமான பகுதி அந்த நிதியில் ஓடினால், வெளிநாட்டு மாணவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சான்றிதழில் ஒரு குறையும் இல்லாமலே நாம் அந்த வரிசையில் பின்னால் நிற்கிறோம்.

இதில் நமக்கு ஒரு சின்ன ஆதாயமும் உண்டு. அந்த என்.எஸ்.எஃப். முடிவு வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் வரும். துறை பணம் ஒதுக்கிவைத்திருந்த ஒரு அமெரிக்க மாணவருக்கு அது கிடைத்துவிட்டால், அந்த ஒதுக்கீடு விடுபடும். ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் வெயிட்லிஸ்ட் அசைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2025-இல் ஏப்ரலில் அறிவித்த எண்ணிக்கை வழக்கமான 2,000 அளவிலிருந்து 1,000 ஆகக் குறைந்தது. ஜூனில்தான் இன்னும் 500 பேரைச் சேர்த்தார்கள். இந்தக் கதவை அதிகம் நம்ப வேண்டாம்.

பேராசிரியரே மெயில் போட்டு 'உன் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறேன்' என்கிறார். உறுதி என்று வைத்துக்கொள்ளலாமா?

நல்ல செய்தி. கையெழுத்தான செய்தி ஆகவில்லை. துறை சிபாரிசு செய்யும், மேற்படிப்புகளை நிர்வகிக்கும் 'பட்டதாரிப் பள்ளி' அலுவலகம் சேர்க்கும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடைமுறை. அந்த அலுவலகம் துறையின் சிபாரிசைத் தள்ளுவது அபூர்வம். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் குறைவு, பட்டத்தின் கால அளவு போன்ற விதிமுறைச் சிக்கல் இருந்தால்தான். அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போடுங்கள். அதே மெயிலில் 'நிதியுதவி விவரம் எப்போது தெரியும்?' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அலுவலகக் கடிதம் வரும்வரை மற்ற இடங்களை விட்டுவிடாதீர்கள்.

நேர்காணல் வந்தால்?

வந்தாலே பாதி ஏறிவிட்டீர்கள். கிழக்குக் கரையில் காலை 11 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30, வீட்டில் டிவி சத்தம் அடங்கும் நேரமா என்று முன்பே சொல்லிவையுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்றுதான் கேட்பார்கள். மனப்பாடம் அங்கே எடுபடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். கடைசியில் 'எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?' என்பார்கள். அப்போது அந்த ஆய்வுக்கூட மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், கோடை மாதங்களில் சம்பளம் உண்டா என்று கேளுங்கள்.

முடிவு என்னாச்சு என்று நாமே மெயில் போட்டுக் கேட்கலாமா?

பிப்ரவரியில் வேண்டாம். மார்ச் பாதிக்கு மேல் ஒரே ஒரு முறை, துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு, நான்கு வரியில் போடலாம்: விண்ணப்ப எண், படிப்பின் பெயர், இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா என்ற கேள்வி, நன்றி. வேறு இடத்தில் அட்மிட் கையில் இருந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கினால், அதைத் தயங்காமல் எழுதுங்கள். அந்த மெயிலுக்குத்தான் வேகமாகப் பதில் வரும். எல்லாப் பேராசிரியர்களுக்கும் ஒரே மெயிலை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். அவர்கள் ஒரே காபி அறையில் உட்காருபவர்கள்.

கடிதம் வந்துவிட்டது! இப்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். பிறகு, 'வாழ்த்துகள்' என்ற வரியைத் தாண்டி, பணத்தைப் பற்றிய பத்திக்குப் போங்கள். சில இடங்களில் அது தனிக் கடிதமாக இன்னொரு நாள் வரும். அது வரும்வரை கொண்டாட்டம் பாதிதான்.

டியூஷன் முழுவதும் தள்ளுபடியா, ஒரு பகுதியா? மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலக் கட்டணம் என்று கூடுதலாக ஒன்று இருக்கும். தள்ளுபடியில் அதுவும் சேருமா என்று பாருங்கள். டியூஷனைத் தள்ளுபடி செய்துவிட்டு 'ஸ்டூடண்ட் ஃபீஸ்' என்று செமஸ்டருக்குக் கணிசமான தொகை வாங்கும் இடங்களும் உண்டு. சர்வதேச மாணவர் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள் என்பது முக்கியம். அங்கே காப்பீடு இல்லாமல் ஒரு பல் பிடுங்கப் போனாலும் பயமாக இருக்கும்.

சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கடிதங்களை ஒப்பிடும்போது நம் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒன்பது மாதத்துக்கு 27,000 டாலர் என்பதும், பன்னிரண்டு மாதத்துக்கு 33,000 டாலர் என்பதும் மாதக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்று. முதலாவதில் மாதம் 3,000, இரண்டாவதில் 2,750. ஆனால் கோடையில் வேலை கிடைக்காவிட்டால் முதலாவதில் மூன்று மாதம் கையிருப்பில்தான் ஓட்ட வேண்டும். இதோடு ஊரையும் சேர்த்துப் பாருங்கள். பாஸ்டனிலும் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலும் வாடகைக்கே சம்பளத்தில் பாதி போகும்; இந்தியானா, ஐயோவா பக்கத்துச் சிறு நகரங்களில் அதே பணத்தில் நிம்மதியாக இருக்கலாம். பெரிய பெயருக்காகப் பாஸ்டன் போய், வாரக் கடைசியில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசிப்பாருங்கள்.

எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம்? 'ஐந்து ஆண்டுகள், கல்வியில் திருப்திகரமான முன்னேற்றம் இருக்கும்பட்சத்தில்' என்பது நல்ல வாசகம். 'முதல் ஆண்டுக்கு டி.ஏ., பிறகு நிதி இருப்பைப் பொறுத்து' என்பது மோசமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் யாராவது நிதி இல்லாமல் இருக்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நம் ஊர் சீனியர் ஒருவர் எந்தத் துறையிலும் இருப்பார்.

வரியும் உண்டு. இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி இந்திய மாணவர்கள் வரி போடும் முன் வருமானத்திலிருந்து நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) என்னும் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். இது மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு இல்லாத சலுகை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வரிப் பிடித்தமும் பொதுவாக இருக்காது.

ஏப்ரல் 15, ஏப்ரல் 15 என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்கப் பட்டதாரிப் பள்ளிகளின் கவுன்சில் என்ற அமைப்பின் தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம், நிதியுதவியோடு கொடுத்த இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கையெழுத்திட்டவைதான். பட்டியல் அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கிறது. 'மார்ச் 10-க்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஃபெல்லோஷிப் போய்விடும்' என்று யாராவது நெருக்கினால், அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரியாதையாக அந்தத் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டலாம். உங்கள் கடிதத்தில் 11.59 இரவு, கிழக்கு நேரம் என்று போட்டிருந்தால் நமக்கு அது 16-ஆம் தேதி காலை 9.29. அதுவரை இழுக்காதீர்கள், கரண்ட் போகும் ஊர் நம்முடையது.

கவனிக்க வேண்டியது: இந்தத் தீர்மானம் நிதியுதவியைப் பற்றியது. பணமில்லாத வெறும் அட்மிஷனுக்கு இது பொருந்தாது. அதனால்தான் எம்.எஸ். படிப்புகள் மார்ச்சிலேயே டெபாசிட் கேட்கின்றன.

வெயிட்லிஸ்ட்டில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

இன்னும் ஆர்வம் இருந்தால், இருக்கிறது என்று ஒரு மெயில் போடுங்கள். இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன் என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அதையும் எழுதுங்கள். துறைக்கு அது பயன்படும். ஏப்ரல் 13-ஆம் தேதி மூன்று பேரில் யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கும்போது, வருவேன் என்று எழுதியவர் பக்கம் கை போகும்.

இதையொட்டி எல்லாருக்கும் ஒன்று. நான்கைந்து அட்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் 15 வரை பதிலே சொல்லாமல் இருப்பது நம் பிள்ளைகளிடம் இருக்கும் கெட்ட பழக்கம். புதிதாக ஒன்று வந்தால், இருப்பதில் பின்னால் நிற்கும் ஒன்றை அன்றைக்கே மறுத்துவிடுங்கள். இரண்டுக்கு மேல் கையில் வைத்திருக்கத் தேவையே இல்லை. நீங்கள் விடும் இடம், வேறு யாரோ ஒருவர் காத்திருக்கும் இடம்.

பிஎச்.டி.க்கு அட்மிட் வந்திருக்கிறது, ஆனால் நிதியுதவி இல்லை. போகலாமா?

போகாதீர்கள்.

கொஞ்சம் விளக்கமாக: காசு இல்லாத பிஎச்.டி. அட்மிட் என்பது பெரும்பாலும் பணிவான மறுப்பு. 'முதல் ஆண்டைச் சொந்தச் செலவில் ஓட்டினால் பிறகு யாராவது ஆர்.ஏ. கொடுப்பார்கள்' என்று சொல்லி வீட்டை அடமானம் வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காதவர்கள் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஒரே விதிவிலக்கு, வெளியிலிருந்து வரும் ஃபெல்லோஷிப்.

வெளி ஃபெல்லோஷிப் முடிவு அட்மிஷனுக்குப் பிறகுதானே வருகிறது? எதை முதலில் பிடிப்பது?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முடிச்சு அதிகமான கேள்வி. சில உதவித்தொகைகள் அட்மிஷனுக்கு முன்பே தேர்ந்தெடுக்கும். சிலவற்றுக்கு அட்மிஷன் கடிதம் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

ஃபுல்பிரைட்–நேரு முதுகலை ஃபெல்லோஷிப் முதல் வகை. போக விரும்பும் ஆண்டுக்கு ஓராண்டு முன்பே, வழக்கமாக மே மாதத்தை ஒட்டி, விண்ணப்பம் முடிந்துவிடும். இந்த ஆண்டு அட்மிட்டோடு நிற்பவர்களுக்கு அது பயன்படாது. இன்லாக்ஸ் உதவித்தொகை இரண்டாவது வகை. ஒரு லட்சம் டாலர் வரை கொடுப்பார்கள், ஆனால் பொறியியல், கணினி அறிவியல், மேலாண்மை, மருத்துவம் படிப்பவர்களுக்கு இல்லை. மானுடவியலோ சட்டமோ படிக்கப் போகிறவர்கள் பாருங்கள். 1892-இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை கொடுப்பது கடன் உதவித்தொகை, அதாவது திருப்பிக் கட்ட வேண்டியது.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்கள், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் ஆகியோருக்கானது. 35 வயதுக்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையில் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. தகுதி உள்ளவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் லோனுக்கு அலைகிறார்கள். விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

இந்த அரசுத் திட்டங்களில் ஒரு சொல் வந்து மாட்டும்: நிபந்தனையற்ற அட்மிஷன். அமெரிக்கக் கடிதங்களில் 'இறுதி மதிப்பெண் பட்டியல் சமர்ப்பிக்கும் நிபந்தனையுடன்' என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அது மாணவருக்குச் சாதாரணம், அரசு அலுவலகத்துக்கு நிபந்தனை. பல்கலைக்கழகத்துக்கு எழுதி, உதவித்தொகைக்குத் தேவைப்படுகிறது என்று காரணம் சொல்லி, மாற்றுக் கடிதம் கேளுங்கள். பதில் சொல்லும் தேதியைத் தள்ளிவைக்கவும் அப்படியே கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கொடுப்பார்கள்.

எம்.எஸ்.தான் போகிறேன், லோன் எடுத்து. எப்போது தொடங்குவது?

அட்மிட் வந்த வாரமே. பாங்க் சாங்ஷன் கடிதம் இல்லாமல் முதல் ஆண்டுச் செலவைக் காட்ட முடியாது; அதைக் காட்டாமல் ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் படிவம்) வராது; ஐ-20 இல்லாமல் விசா இல்லை. பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து கேட்பார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று அலைய ஒரு மாதம் வையுங்கள். பிணை இல்லாமல் கொடுக்கும் நிறுவனங்களில் வட்டி கூடுதல். கட்டிய வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். டெபாசிட் கட்டும் முன், திருப்பித் தருவார்களா என்று பாருங்கள். தரமாட்டார்கள் என்பதுதான் பொதுவான பதில்.

கொடுத்த அட்மிஷனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா?

எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு எடுப்பது அபூர்வம் என்றுதான் முன்பெல்லாம் சொல்லிவந்தோம். 2025 வசந்தத்தில் அமெரிக்க மத்திய அரசின் ஆய்வு நிதி வெட்டுகளால் பல இடங்களில் பிஎச்.டி. சேர்க்கை சுருங்கியது; மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி கொடுத்த இடங்களையே ரத்து செய்தது. அதே ஆண்டு மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதையும் சில வாரம் நிறுத்திவைத்தார்கள். ஆகவே, கடிதம் வந்ததும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியபின் நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

இங்கே ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி.க்கும் போட்டு வைக்கலாமா?

கட்டாயம். கேட் நுழைவுத் தேர்வின் முடிவு மார்ச்சில் வரும், ஐ.ஐ.எஸ்சி. ஆராய்ச்சி நேர்காணல்கள் வழக்கமாக மே மாதத்தில். அமெரிக்க முடிவுகள் எல்லாம் தெரிந்த பிறகு இங்கே கதவு திறப்பது ஒரு வசதி. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். இளநிலை ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு ஆள் கௌரவமாக இருக்கலாம். நல்ல வழிகாட்டி இங்கே கிடைத்தால், அமெரிக்காவில் சுமாரான துறையைவிட அது மேல் என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு நிறைய.

சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே?

'ஏப்ரல் 15-க்கு மேல்தான் தெரியும், சித்தப்பா' என்று எல்லாருக்கும் ஒரே தேதியைச் சொல்லிவிடுங்கள். தேதி சொன்னால் கேட்பது நின்றுவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் உருப்படியாக என்ன செய்வது?

பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். கடைசி செமஸ்டர் முடிவு, ப்ரொவிஷனல் சான்றிதழ், பட்டமளிப்பு விழா மூன்றும் வேறு வேறு மாதங்களில் வரும். ப்ரொவிஷனலை ஏற்பார்களா என்று அட்மிட் வந்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ-20 வந்ததும் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர் கட்டி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குத் தேதி எடுக்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் கூட்டம் நெரியும். டி.ஏ. கிடைக்கும் என்று தெரிந்தவர்கள், நாற்பது பேர் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு கணக்கை விளக்கிப் பழகுங்கள். அங்கே போன முதல் மாதம் உங்களை உலுக்கப்போவது அதுதான்.

எல்லாமே ரிஜெக்ட். இனி என்ன?

முதலில், எந்தப் பட்டியலுக்கு ரிஜெக்ட் என்று பாருங்கள். முதல் இருபது தரவரிசைக்கு மட்டும் போட்டிருந்தால், பட்டியலில்தான் கோளாறு. நடுத்தர இடங்களிலும் கிடைக்கவில்லை என்றால், சிபாரிசுக் கடிதங்களைச் சந்தேகப்படுங்கள். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் மாணவரே எழுதி சார் கையெழுத்துப் போடும் கடிதம். மூன்றும் ஒரே நடையில் இருப்பதைக் குழு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். ஓராண்டு ப்ராஜெக்ட் அசோசியேட்டாகவோ ஜே.ஆர்.எஃப்.ஆகவோ ஒரு ஆய்வுக்கூடத்தில் உண்மையாக வேலை பார்த்தால், உங்களை நிஜமாகத் தெரிந்த ஒருவரின் கடிதம் கிடைக்கும். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும், டோஃபெல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டு. அந்தச் செலவு மறுபடி வராது. ஏன் மறுத்தீர்கள் என்று துறைக்கு எழுதினால் பெரும்பாலும் பொதுவான பதில்தான் வரும். உங்களோடு பேசிய பேராசிரியர் இருந்தால் அவரிடம் மட்டும் கேட்டுப்பாருங்கள்.

சிபாரிசுக் கடிதம் கொடுத்த சாருக்கும் மேடத்துக்கும் முடிவைச் சொல்ல வேண்டுமா?

ஆம், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஏப்ரல் முடிவதற்குள். எட்டு, பத்து இடங்களுக்குத் தனித்தனியாகப் படிவம் நிரப்பி அனுப்பியவர்கள் அவர்கள். பலருக்கு, தங்கள் மாணவர் எங்கே சேர்ந்தார் என்பதே இரண்டு ஆண்டு கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிகிறது. போன் போட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், அக்டோபரில் திடீரென்று போய் நிற்க வேண்டியிருக்காது.